சுகம் என்று எழுதச் சொன்னார்கள்

எங்கள் சபை நூற்றாண்டு மலரில் பாஸ்ரா தாத்தாவுக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்குப் போய், காயம்பட்ட வீரர்களுக்கு இரவும் பகலும் சுவிசேஷம் அறிவித்த ஊழியர் என்று எழுதி, கீழே இரண்டு வசனம் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் படம் அவருடையதே இல்லை. அது போகட்டும், மலர்களில் நடப்பதுதான். சுவிசேஷம் அறிவித்தார் என்பதைத்தான் என்னால் விட முடியவில்லை. அவர் அறிவிக்கவில்லை. அறிவிக்கக் கூடாது என்பதுதான் அவர் போன வேலையின் முதல் நிபந்தனை. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, அவரே தன் கையால் அண்ணனுக்கு எழுதியிருக்கிறார்.

பாஸ்ரா தாத்தா என் தாத்தாவின் சித்தப்பா. திரும்பி வந்து பல வருஷம் வாத்தியாராக இருந்தும், வீட்டில் அந்தப் பெயர்தான் நிலைத்தது. அவருடைய அப்பா திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் அமெரிக்கன் மிஷன் உபதேசியார். மிஷன் உபதேசியார் என்றால் பாதி போதகர், பாதி வாத்தியார், சம்பளம் மட்டும் கால்வாசி. பையன்கள் இருவரையும் பசுமலைக்குப் படிக்க அனுப்பினார். அந்தக் காலத்துப் பசுமலை தனி உலகம். யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன், செமினரி, பள்ளிக்கூடம், லெனாக்ஸ் அச்சகம் என்று ஒவ்வொன்றாக அந்த மலையடிவாரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தது. இப்போது கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நாம் பார்க்கிற அமெரிக்கன் கல்லூரிகூட 1881இல் பசுமலையில் தொடங்கியதுதான். அண்ணன் படித்து முடித்து ஊர்ப்பக்கமே மிஷன் பள்ளி வாத்தியாரானார். தம்பியும் வாத்தியார் வேலைக்குத்தான் போனார். ஆனால் 1917 தொடக்கத்தில், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செக்ரெட்டரியாகக் கப்பல் ஏறிவிட்டார்.

அதற்கு முந்தைய வருஷம்தான் சேலத்துக்காரர் கே. டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலாளர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். பிரான்சுக்கும் மெசபடோமியாவுக்கும் போன இந்தியப் படைகளுக்குப் பின்னாலேயே சங்கம் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது. டீ கொடுப்பது, கிராமபோன் வைப்பது, கால்பந்து ஆட வைப்பது, காகிதமும் உறையும் இனாமாகக் கொடுப்பது, எழுதத் தெரியாதவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது இதெல்லாம் செக்ரெட்டரியின் வேலை. ஆனால் இந்தியச் சிப்பாய்களிடம் மதப் பிரசாரம் கூடாது. அரசு வைத்த நிபந்தனை அது, சங்கமும் ஒப்புக்கொண்டிருந்தது. சிப்பாய்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், சீக்கியர்கள், இந்துக்கள். போர்முனையில் வைத்து மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு வதந்தி ஊருக்குப் போனால் போதும், ஆள் சேர்ப்பே நின்றுபோகும். 1857 சிப்பாய்க் கலகம் நடந்து அறுபது வருஷம்தான் ஆகியிருந்தது.

உபதேசியார் மகனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? பாஸ்ராவிலிருந்து வந்த முதல் கடிதத்திலேயே, இதை அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் அண்ணா என்று கேட்கிறார். பக்குவமாகச் சொன்னாரா, சொல்லாமலே விட்டாரா தெரியாது. சபை மலரைப் பார்த்தால் சொல்லவில்லை என்றுதான் படுகிறது.

கடிதங்கள் அத்தை வீட்டு பீரோவில் ஒரு துணிப்பையில் இருந்தன. உறைகளில் பாதிக்கு மேல் தபால்தலை இல்லை. இடையில் வந்த ஏதோ ஒரு தலைமுறைப் பையன் ஆல்பத்தில் ஒட்டுவதற்காக வெட்டி எடுத்துவிட்டான். ஐந்தாம் ஜார்ஜ் தலைமேல் ஐ.இ.எஃப்., அதாவது இந்தியன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ், என்று அச்சடித்த போர்க்காலத் தபால்தலை. இந்தியப் படை போன இடத்துக்கெல்லாம் கூடவே போன தலை அது. தலையோடு முத்திரையும் போய்விட்டதால், உள்ளே தேதி போடாத கடிதம் எது முன்னால் எது பின்னால் என்று நெல் விலை, மழை, தங்கை கல்யாணப் பேச்சு இவற்றை வைத்துத்தான் அடுக்க வேண்டியிருந்தது. எல்லாக் கடிதமும் அண்ணனுக்கு. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆன மனைவிக்குத் தனியாகக் கடிதம் போடுவது அன்றைய வீட்டு வழக்கமில்லை. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், உள்ளே இருக்கும் சீட்டை அவளிடம் கொடுக்கவும் என்று ஒரு வரி வரும். அவள் மதுரை கேப்ரன் ஹாலில் படித்தவள், தானே வாசித்துக்கொள்வாள். அந்தச் சீட்டு ஒன்றுகூடப் பையில் இல்லை.

போர் ஆஸ்பத்திரி என்றதும் ரத்தம் எதிர்பார்த்து வாசிப்பவருக்கு இந்தக் கடிதங்கள் ஏமாற்றமாக இருக்கும். மெசபடோமியாவின் பெரிய கேவலம் அவர் போவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. 1915 நவம்பரில் பாக்தாத்துக்குப் பக்கத்தில் டெசிபோன் சண்டையில் அடிபட்டவர்களை மெஜிதியே என்ற ஆற்றுக் கப்பலில் அடுக்கி பாஸ்ராவுக்கு அனுப்பினார்கள். போதுமான மருத்துவரும் இல்லை, படுக்கையும் இல்லை. கப்பலின் பக்கவாட்டில் கயிறு தொங்குகிறது என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்த மேஜர் கார்ட்டர், அது எழுந்திருக்க முடியாதவர்களின் மலம் வழிந்து காய்ந்தது என்று எழுதி வைத்தார். எழுதியதற்காக அவரையே மேலதிகாரிகள் மிரட்டினார்கள். விசாரணைக் கமிஷன் அறிக்கை 1917இல் வெளிவந்ததும் லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரி ஆஸ்டின் சேம்பர்லின் ராஜினாமா செய்தார். அதற்குள் கப்பல்கள், கட்டில்கள், நர்சுகள், ஐஸ் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. தாத்தா முதலில் பாஸ்ராவிலும் பிறகு அமாராவிலும் இருந்தார். டைக்ரிஸ் கரையில் இருக்கும் அமாரா அப்போது ஊர் முழுக்க ஆஸ்பத்திரி. அவர் பார்த்தது குண்டடிபட்டவர்களைவிட நோயாளிகளைத்தான்: சீதபேதி, மலேரியா, காலரா, வெயிலடி, பல் ஈறு வீங்கிய ஸ்கர்வி.

இந்த ஸ்கர்வி கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே பாலைவனத்தில், ஒரே சர்க்காருக்காகச் சண்டை போட்ட இரண்டு படைக்கு இரண்டு விதமான பற்றாக்குறை நோய் வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு வெள்ளை ரொட்டி, டின் மாமிசம், அவனுக்கு பெரிபெரி. நம் சிப்பாய்க்கு ஆட்டா, பருப்பு, நெய். பெரிபெரி கிட்ட வரவில்லை. ஆனால் பச்சைக் காய்கறி கிடையாது, பழம் கிடையாது, கறி எப்போதாவது, அதனால் ஸ்கர்வி. வைட்டமின் சி என்ற பொருளைப் பிரித்தெடுக்க இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இருந்தது. காய்கறியும் எலுமிச்சையும் கொடுத்தால் தேறும் என்று மட்டும் தெரியும். புளிப்பாக எது இருந்தாலும் நல்லது என்று நம்பி புளியையும் மாங்காய் வற்றலையும்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹேரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் வேலை பார்த்த பெண்களும் இவற்றையெல்லாம் சோதித்து, காய்ந்த புளியில் அந்தச் சத்து சொற்பம்தான் என்றார்கள். கடற்படை காலகாலமாக நம்பிய லைம் ஜூஸிலும், லெமன் என்ற மேல்நாட்டு எலுமிச்சைச் சாற்றில் இருப்பதில் கால் பங்குதான் சத்து என்று சொன்னவர்களும் அவர்கள்தான். தாத்தாவுக்கு இது எப்படித் தெரியும்? வார்டில் இருக்கும் தமிழ் ஆட்களுக்காக உப்பு நார்த்தங்காயும் கொட்டை எடுத்த புளியும் பார்சல் போடச் சொல்லி அண்ணனை நச்சரித்திருக்கிறார். பார்சல் வந்தது, நார்த்தங்காயை ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன், இரண்டு பேர் அழுதுவிட்டார்கள் என்று ஒரு கடிதத்தில் வருகிறது. சத்து இருந்ததோ இல்லையோ.

தமிழ் ஆட்கள் அங்கே சிறுபான்மைதான். மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பாலம் கட்டும் படை, கர்நாடிக் காலாட்படை, பிறகு சுமை தூக்கவும் கப்பல் இறக்கவும் போன கூலிப் படைகள். சாப்பர்களைப் படை முழுக்கத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், துரைகள் உட்பட. தாத்தாவுக்குத் தமிழும் இங்கிலீஷும்தான் எழுத வரும். எனவே ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் எந்த வார்டில் தம்பி இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டு, காகிதக் கட்டும் மசிக்கூடும் எடுத்துப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

முதல் சிக்கல் விலாசம். ஊர்ப் பெயர் சொல்வார்கள், தபாலாபீஸ் எது என்று தெரியாது. எங்க ஊருன்னா எல்லாருக்கும் தெரியும் அய்யா, அய்யனார் கோயில் பக்கம் என்பார்கள். வட ஆற்காட்டு ஆளானால் அவர் திண்டாடிப் போவார். மதுரைப் பக்கத்து ஆள் என்றால் பிரச்சினையில்லை, எந்த ஊருக்கு எந்த வழியாகத் தபால் போகும் என்று உபதேசியார் மகனுக்கு மனப்பாடம்.

இரண்டாவது சிக்கல் காகிதத்தின் தலையில் காத்திருந்தது. வீட்டுக் கடிதங்களை இவர் கர்த்தருக்குள் ஸ்தோத்திரம் என்று தொடங்கிப் பழகியவர். கட்டிலில் கிடப்பவர் மேலே சுழி போட்டாச்சா அய்யா என்று கேட்கிறார். பிள்ளையார் சுழி இல்லாத கடுதாசி வீட்டுக்குப் போனால் கெட்ட சேதி என்று நினைத்துக்கொள்வார்கள். உபதேசியார் மகன் அன்று ராத்திரி தூங்கவில்லை. யோசித்து, ஜெபித்து, காலையில் போய்ப் போட்டுவிட்டேன், இது கட்டிலில் இருப்பவருடைய கடிதம், என்னுடையது அல்ல, பேனா மட்டும்தான் என்னுடையது, இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணனுக்கு எழுதுகிறார். முந்தைய நிபந்தனையைப் பக்குவமாகவாவது சொல்லச் சொன்னவர், இதை அறவே மறைக்கச் சொல்கிறார். இந்தத் தொகுப்பில் எனக்கு மிகப் பிடித்த கடிதம் இதுதான். இரவு பகலாகச் சுவிசேஷம் அறிவித்ததாகப் போட்ட மலரில் இதைச் சேர்க்கச் சொன்னால் என்ன சொல்வார்கள் என்று கற்பனை செய்து பார்க்கிறேன்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். எல்லாரும் சுகம் என்றே எழுதச் சொன்னார்கள்.

அமாராவில் ஒரு சாப்பர். திருமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஈறு வீங்கிப் பல்லை மூடிவிட்டது, பேச்சு குழறுகிறது, முழங்காலுக்குக் கீழே கால் கட்டைபோல இறுகிவிட்டது. வாலிப வயதில் அவனியாபுரத்தில் மாடு பிடிக்கப் போய்த் தொடையில் வாங்கிய குத்து எப்போதோ ஆறித் தழும்பாகியிருந்தது, அது திரும்பப் பிரிந்துவிட்டது. ஸ்கர்வியில் அப்படித்தான், பழைய தழும்பின் தையலைக்கூட உடம்பு தாங்காது. டாக்டருக்கு அது பாடப் புத்தகத்தில் வருகிற அறிகுறி. அந்த ஆளுக்கோ, பல வருஷத்துக்கு முன்னால் குத்திய மாடு பாஸ்ரா வரைக்கும் வந்து திரும்பக் குத்தியதுபோல இருந்திருக்கிறது. சுகமா இருக்கேன், சாப்பாட்டுக்குக் கொறையில்ல, செவலைய விக்க வேண்டாம்னு எழுதுங்க, அம்புட்டுத்தான் என்றாராம். காலைப் பற்றி ஒரு வரி எழுதட்டுமா என்று தாத்தா கேட்டிருக்கிறார். வேண்டாம், மாடு குத்தினப்பவே ஆத்தா பத்து நாள் சோறு திங்கலை என்று பதில்.

எழுதிக் கொடுத்துவிட்டார். தன் கடிதத்தில் அண்ணனிடம் உண்மையைக் கொட்டிவிட்டார். இரண்டும் ஒரே கப்பலில் பம்பாய் வந்து, ஒரே ரயிலில் மதுரை வந்திருக்க வேண்டும். பத்தில் ஒருவருக்குக்கூட எழுத்து தெரியாத காலம். ஆத்தாக்காரி கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர் மிஷன் பள்ளி வாத்தியாரிடம் வாசிக்க வந்தாள். அந்த வாத்தியார் வேறு யாருமில்லை, அண்ணன்தான். பிரித்தால் தம்பி கையெழுத்து. மேலே பிள்ளையார் சுழி.

இது நடந்ததாக எப்படித் தெரியும் என்றால், அடுத்த கடிதத்தில் தம்பி அதற்குப் பதில் எழுதுகிறார். நீங்கள் வாசித்தது சரி அண்ணா, கடிதத்தில் இருப்பதை மட்டும் வாசித்தீர்களே அதுவே சரி, எனக்குத் தெரிந்ததை நீங்கள் அவளுக்குச் சொல்லாதிருந்ததற்கு ஸ்தோத்திரம். கீழே ஒரு வரி: அவருக்கு இப்போது எலுமிச்சையும் பச்சைக் காயும் கிடைக்கிறது, கால் நீட்டுகிறார். பிறகு அந்த ஆள் எந்தக் கடிதத்திலும் வரவில்லை. ஊர் திரும்பினாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிந்தைய கடிதங்களில் பாதி வெயில்தான். 1917 ஜூலையில் பாஸ்ரா பக்கம் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. கூடாரத்துக்குள் மசி பேனா முனையிலேயே காய்கிறது, மதுரை சித்திரை வெயிலை இனி யாரும் என்னிடம் குறை சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறார். பாஸ்ரா துறையில் மெட்ராஸ் என்று பெயர் எழுதிய ஆஸ்பத்திரிக் கப்பலைப் பார்த்ததை ஒரு பக்கம் வர்ணிக்கிறார். சென்னை மாகாணத்தில் திரட்டிய நிதியில் ஆஸ்பத்திரியாக மாற்றிய கப்பல் அது; நோயாளிகளை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய்வந்துகொண்டிருந்தது. ஊர்ப் பெயரைக் கப்பலில் பார்த்ததும் தம்பிகள் எழுந்து உட்கார்ந்தார்களாம். பேரீச்சை தின்று அலுத்தது, ஈ, மணல், கால்பந்தில் பஞ்சாபிகளிடம் தோற்றது என்று மிச்சமெல்லாம் சில்லறை விஷயங்கள்.

1918 புரட்டாசி, ஐப்பசி. பம்பாயில் ஜூனில் இறங்கிய காய்ச்சல் இரண்டாவது சுற்றாகத் தெற்கே வந்தது. அந்த விஷக்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் செத்தார்கள், இந்தியச் சிப்பாய்களில் போரில் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. விலைவாசி வேறு ஏறிப்போய், தின்ன இல்லாத உடம்பில் காய்ச்சல் நின்று விளையாடியது. எங்கள் வீட்டில் முதலில் உபதேசியார் போனார், மூன்றாம் நாள் தாத்தாவின் மனைவி. அக்டோபர் 30ஆம் தேதி துருக்கியோடு சண்டை நிறுத்தம். அந்த வாரம்தான் இங்கே கல்லறைக்குக் குழி வெட்ட ஆள் கிடைக்காமல் அண்ணனே வெட்டினார்.

தம்பிக்கு என்ன எழுதுவது? அண்ணன் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். இங்கு எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டார்.

அண்ணன் எழுதியது நம்மிடம் இல்லை. தம்பியின் பதில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கும் குறைவு. கடிதம் கிடைத்தது. இம்மாதிரிக் கடிதம் நானே நூற்றுக்கணக்கில் எழுதியவன் அண்ணா. அப்பா பேரில் ஒரு கண்டிப்பும் இல்லை, அவள் சீட்டும் உள்ளே இல்லை, நெல் விலையை மட்டும் இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். யார் யார் என்று மட்டும் எழுதவும். ஸ்தோத்திரம் இல்லை, வசனம் இல்லை. அதற்கடுத்துப் பையில் இருப்பது பம்பாயிலிருந்து போட்ட ஒரு கார்டு, 1919இல், எந்த ரயிலில் வருகிறார் என்று.

வந்தபின் பழைய வாத்தியார் வேலைக்கே போனார், மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார், பிரசங்கம் செய்யக் கூப்பிட்டால் ஏதாவது சொல்லித் தப்பிவிடுவாராம். ஆனால் சாயங்காலம் திண்ணையில் ஆள் சேரும். பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கண்டித் தோட்டத்துக்கும் பிள்ளைகளை அனுப்பியவர்கள் கடுதாசி எழுத வருவார்கள். காசு வாங்க மாட்டார், முருங்கைக்காய் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். சுழி போடச் சொன்னால் போடுவார். ஒன்றில் மட்டும் பிடிவாதம்: சுகமில்லாத வீட்டிலிருந்து சுகம் என்று எழுத மாட்டார். காய்ச்சல் என்றால் காய்ச்சல், கிழவி செத்துவிட்டாள் என்றால் செத்துவிட்டாள். அவன் அங்க கெடந்து தவிப்பானே சாமி என்று கெஞ்சினாலும் பேனாவைக் கீழே வைத்துவிடுவாராம். கொஞ்ச நாளில் திண்ணைக் கூட்டம் குறைந்துபோனது. எல்லாரும் தபால்காரரிடம் போய்விட்டார்கள், அவர் கேட்டபடி எழுதிக் கொடுப்பார் என்று அத்தை சொன்னார்.